எஸ்கியூலைட்: டேட்டாபேஸாக அல்ல, கோப்பாக

தகவலை ஒரே கோப்புக்குள் அட்டவணையாக வைத்துத் தேடித் தரும் எஸ்கியூலைட்டைப் பற்றி யாராவது எழுதினால் அதைப் பெரிய டேட்டாபேஸ் சர்வர்களோடு நிறுத்தி வைத்துப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இருந்ததில்லை. சி மொழியின் எஃப்ஓபன் கட்டளையைப் போட்டு ஒரு கோப்பைத் திறந்து, அதற்குள் எது எங்கே போக வேண்டும் என்று நானே தீர்மானித்து எழுதிக்கொண்டிருந்த இடத்தில்தான் அதைக் கொண்டுவந்து வைத்தேன். தங்களுக்குப் போட்டி அந்த எஃப்ஓபன்தான் என்று எஸ்கியூலைட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நான் படித்ததற்கு மூன்று வருடம் முன்னதாகவே படித்திருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். டெக்ஸ்ட் கோப்பிலும் அடிபட்டு, எண்களை எழுத்தாக்காமல் பைட்டுகளாகவே வைக்கும் சொந்த பைனரி கோப்பில் அதைவிடப் பலமாக அடிபட்டு, பிறகு இதற்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த அனுபவத்தில் இருந்துதான் இந்த மதிப்புரை.

என் வேலை ஆய்வுக்கூடங்களுக்கான பதிவு மென்பொருள். குளிரறைகளில் 16 வெப்பநிலை சென்சார்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு அளவீடு. பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு 13,82,400 அளவீடுகள், வருடம் முழுக்க, இரவு பகல் நிற்காமல். அளவீட்டை வாங்குவது அரை நாள் வேலை. அதைப் பத்திரமாக எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சரியாக எடுத்துக் கொடுப்பதில்தான் என் காலம் போனது.

முதல் பதிப்பு சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் கோப்பு. ஒரு வரி இப்படி இருக்கும்: 2019-03-11 10:42:07,7,23.4375. வரி முடிவையும் சேர்த்து 30 பைட். நாளைக்கு 41 மெகாபைட் சொச்சம். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோப்புகள் மேல் பாசம் உண்டு. எந்தக் கணினியிலும் எந்த எடிட்டரிலும் திறக்கலாம். கறுப்புத் திரையில் கடைசிப் பத்து வரியைப் பார்த்தாலே கருவி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கடைசி வரி பாதியில் நிற்கும். நிரல் மறுபடி கிளம்பும்போது ஒரு வரிமுடிவைப் போட்டுவிட்டு மேலே எழுதினால், கெட்டது அந்த ஒரு வரியோடு போகும். இந்தக் கடைசிக் குணத்தின் மதிப்பு அதை இழந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

சிஎஸ்வியில் நான் பட்டது முதலில் தசமப் புள்ளியால். ஒரு கூடத்தில் கணினியின் வட்டார அமைப்பை மாற்றியிருந்தார்கள். அந்த அமைப்பில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். திரையில் ஜன்னல்களை வரைய நான் பயன்படுத்திய நூலகம் (தயார் நிரல் தொகுப்பு) தொடங்கும்போதே கணினியின் வட்டார அமைப்பைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும் வகை. ஆகவே எண்ணை எழுத்தாக்கும் என் பிரின்ட்எஃப் கட்டளை 23.4375 என்பதை 23,4375 என்று எழுதத் தொடங்கிவிட்டது. மூன்று பத்தி, அதாவது மூன்று நெடுவரிசை, இருக்க வேண்டிய வரியில் நான்கு பத்தி. படிக்கும் நிரல் மூன்றாவது பத்தியை எடுத்து, நான்காவதைக் கண்டுகொள்ளாமல், எல்லா வெப்பநிலையையும் முழு எண்ணாக்கிக் காட்டியது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. வரைபடத்தில் கோடு படிப்படியாக ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் சந்தேகமே வந்தது.

அடுத்தது விரிதாள் மென்பொருள். யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது சேமிக்கவும் செய்துவிடுவார். உள்ளே நேர வடிவம் மாறியிருக்கும், கடைசிப் பூஜ்யங்கள் போயிருக்கும். டெக்ஸ்டில் எது எண், எது தேதி, எது பெயர் என்று கோப்பு சொல்வதில்லை. திறக்கிறவர் ஊகிக்கிறார். இந்த ஊகத்தால் மனித மரபணுக்களுக்கே பெயர் மாற்ற வேண்டி வந்தது: மார்ச் 1, செப்டம்பர் 1 என்று விரிதாள் தேதியாக்கிவிடும் பெயர்களுக்கெல்லாம், பெயரிடும் குழு புதுப் பெயர் வைத்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு அறிவியல் துறையே ஒரு கோப்பு வடிவத்துக்காகப் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறது என்றால், நான் நாலு கோப்பை இழந்ததில் ஆச்சரியம் இல்லை.

வேகத்தையும் சொல்ல வேண்டும். ஏழாம் சென்சார் போன மாதம் 14ஆம் தேதி மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை என்ன காட்டியது என்று கேட்டால், அந்த நாளின் கோப்பை முதல் வரியிலிருந்து படித்து, ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றி, வேண்டாததைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தணிக்கைக்காக மூன்று மாத வரைபடம் கேட்டபோது, நிரல் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவர்கள் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

அப்போதுதான் பைனரிக்குப் போனேன். அந்த முடிவில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. சென்சார் எண் 2 பைட், நேரம் 8 பைட், அளவீடு 4 பைட். மொத்தம் 14. முப்பது பதினாலாகிறது, எண்ணாக மாற்றும் வேலையும் இல்லை. சி மொழியில் மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒரு ஸ்ட்ரக்ட், அதை அப்படியே கோப்பில் எழுதும் ஒரு எஃப்ரைட், முடிந்தது. இரண்டு நாளில் எழுதிவிட்டேன், கூடத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அங்கிருந்து வந்த கோப்பை என் கணினியில் திறந்தால், முதல் அளவீட்டின் சென்சார் எண் மட்டும் சரி. மற்ற எல்லாம் குப்பை. வழியில் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். அதே குப்பை, பைட்டுக்குப் பைட் அதே. பிறகு பைட்டுகளை எண்களாகவே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தேன். அது வரிக்கு 16 பைட்டாகக் காட்டும். இடது ஓரத்தில் முதல் வரி 1, 0 என்று தொடங்கியது. இரண்டாம் வரி 2, 0. மூன்றாம் வரி 3, 0. திரையின் ஓரம் முழுக்க சென்சார் எண்கள் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. கோப்பு கெடவே இல்லை. ஒரு அளவீட்டுக்குச் சரியாக 16 பைட். ஆனால் என் கணினி அதை 24 பைட் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். ஸ்ட்ரக்டுக்குள் 2 பைட் எண்ணை முதலில் வைத்து அடுத்து 8 பைட் நேரத்தை வைத்திருந்தேன். 64 பிட் கணினியில், மூல நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் 8 பைட் எண்ணை 8இன் மடங்கில் உள்ள இடத்தில்தான் வைக்கும். ஆகவே நடுவில் 6 வெற்றுப் பைட், கடைசியில் இன்னொரு 4. மொத்தம் 24. கூடத்தில் இருந்தது பழைய 32 பிட் லினக்ஸ் பெட்டி. அங்கே 4இன் மடங்கு போதும், நடுவில் 2 வெற்றுப் பைட்தான், மொத்தம் 16. நான் நினைத்த 14 இரண்டு இடத்திலும் இல்லை. ஒரே மூல நிரல், ஒரே ஸ்ட்ரக்ட், இரண்டு விதமான கோப்பு. இந்தப் பாடம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும், எல்லோரும் படித்திருப்போம். தானே ஹெக்ஸ் வியூவரில் விரல் வைத்து எண்ணிய பிறகுதான் அது உடம்பில் ஏறுகிறது.

சரி, இனி ஸ்ட்ரக்டை அப்படியே எழுதுவதில்லை, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, எந்த பைட் முன்னால் என்று முடிவுசெய்து எழுதுவது என்று மாற்றினேன். உண்மையிலேயே 14 பைட் ஆனது. அடுத்த அடி விண்டோஸ் பதிப்பில் விழுந்தது. கோப்பைத் திறக்கும்போது பைனரிக்கான ‘பி’ என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிட்டேன். லினக்ஸில் அந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் என் சோதனைகள் எதிலும் தெரியவில்லை. விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் திறந்த கோப்பில் 10 என்ற பைட்டை எழுதினால், அது வரி முடிவு என்று எண்ணி முன்னால் ஒரு 13ஐச் சேர்த்துவிடும். முதல் நொடியின் ஒன்பது சென்சார்களும் ஒழுங்காக எழுதப்பட்டன. பத்தாவது சென்சாரின் எண் 10. அங்கே ஒரு பைட் கூடியது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரு பைட் தள்ளி, அடுத்த நொடியில் இரண்டு பைட் தள்ளி.

இந்தச் சமயத்தில்தான் பிஎன்ஜி படக்கோப்பின் தொடக்கத்தைப் புரிந்துகொண்டேன். எந்த பிஎன்ஜி கோப்பைத் திறந்தாலும் முதல் எட்டு பைட் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் மூன்று பைட் கோப்பின் பெயரெழுத்துகள். மீதி எல்லாம் பொறி. எட்டாவது பிட்டை வெட்டும் வழியில் கோப்பு போயிருந்தால் 137 மாறியிருக்கும். 13, 10 ஜோடியில் ஒன்று காணாமல் போனாலோ, கடைசித் தனி 10க்கு முன்னால் 13 முளைத்தாலோ, யாரோ இதை டெக்ஸ்டாக நினைத்துக் கையாண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 26 பழைய டாஸில் கோப்பு முடிந்தது என்ற குறி, தெரியாமல் திரையில் கொட்டினால் அங்கேயே நின்றுவிடும். 1996இல் வெளியான இந்த வடிவத்தை உருவாக்கியவர்கள் தங்கள் கோப்புக்கு வழியில் என்னென்ன நேரும் என்று உட்கார்ந்து யோசித்து, முதல் எட்டு பைட்டிலேயே காவல் போட்டிருக்கிறார்கள். என் கோப்பில் காவல் எதுவும் இல்லை. நேரடியாக முதல் சென்சார் எண்ணில் தொடங்கியது.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கூடத்திலிருந்து தொழில்நுட்ப உதவியாளர் கூப்பிட்டார். “மேடம், வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்து எல்லாமே ஒரு மாதிரி காட்டுது. ஒண்ணு மைனஸ் கோடிக்கணக்குல, இன்னொண்ணு வெறும் பூஜ்யம். சென்சார் எதையும் நான் தொடலை.”

அவர் தொடவில்லைதான். வெள்ளி இரவு மின்சாரம் போயிருக்கிறது. போன கணத்தில் ஒரு அளவீட்டின் 14 பைட்டில் 9 மட்டும் வட்டுக்குப் போயிருந்தது. மின்சாரம் வந்ததும் நிரல் தானாகக் கிளம்பி, கோப்பின் முடிவில் தொடர்ந்து எழுதியது. அந்தப் பாதி அளவீட்டுக்குப் பின்னால் வந்த அத்தனையும் இடம் தவறிப்போனது. மூன்று நாள் பதிவு. டெக்ஸ்டாக இருந்திருந்தால் ஒரு வரியோடு போயிருக்கும் விஷயம். அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு மீட்பு நிரல் எழுதினேன்: சென்சார் எண் 1க்கும் 16க்கும் நடுவில் இருக்கிறதா, நேரம் முந்தைய நேரத்துக்கு அடுத்ததாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பைட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, பொருந்தும் இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பதிவு முழுவதும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி என் கையால் பைனரி வடிவம் உருவாக்கப்போவதில்லை என்று.

தமிழில் பெயர் வைத்ததிலும் ஒரு சிறு காயம் உண்டு. கோப்புக்குப் பின்னால் சேர்த்த தலைப்பில் அறையின் பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தேன், தாராளம் என்று நினைத்து. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘குளிரறை’ என்பது க, உகரக் குறி, ள, இகரக் குறி, ர, ற, ஐகாரக் குறி என்று ஏழு. 21 பைட். பதினாறில் ‘குளிர’ வரை வந்து, றகரத்தின் முதல் பைட்டான 224 மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. பெயரைப் படித்த பைத்தான் நிரல் அந்த 224ஐப் பார்த்துப் பிழை கொடுத்து நின்றுவிட்டது. பெயருக்குப் பைட் கணக்கில் இடம் ஒதுக்குகிறவர்கள் தமிழ்ப் பெயர் ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது எஸ்கியூலைட். டி. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. இன்று பயன்படும் மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவம் 2004இலிருந்து வருகிறது. சர்வர் கிடையாது, நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, உங்கள் நிரலோடு ஒரு நூலகமாகச் சேர்ந்துகொள்ளும். உரிமத் தொல்லையும் இல்லை, பொதுச்சொத்தாக விட்டிருக்கிறார்கள். பைத்தானில் கூடவே வருகிறது.

நான் முதலில் செய்தது, ஒரு காலி அட்டவணை மட்டும் உள்ள கோப்பை உருவாக்கி ஹெக்ஸ் வியூவரில் திறந்து பார்த்ததுதான். அடிபட்டவர்களுக்கு அது பழக்கமாகிவிடும். முதல் 16 பைட்டில் ‘எஸ்கியூலைட் ஃபார்மட் 3’ என்று ஆங்கில எழுத்துகளில் வாசிக்கும்படி எழுதியிருக்கிறது, முடிவில் ஒரு பூஜ்ய பைட். அடுத்த இரண்டு பைட் 16, 0. பெரிய பைட் முன்னால் என்ற வரிசையில் படித்தால் 4096, அதுதான் பக்க அளவு. எல்லாத் தலைப்பு எண்களும் அதே வரிசையில், எந்தக் கணினியில் எழுதினாலும். 32 பிட்டோ 64 பிட்டோ, வெற்றுப் பைட்டுக் குழப்பமே இல்லை. தலைப்பு மொத்தம் 100 பைட். அதற்குள் பயன்பாட்டுக்கான பதிப்பு எண்ணுக்கு ஒரு இடம், இந்தக் கோப்பு எந்த மென்பொருளுடையது என்று குறிக்க இன்னொரு இடம். நான் என் பைனரியில் வைக்க மறந்த எல்லாம் அந்த 100 பைட்டில் இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி.

இடம் எவ்வளவு எடுக்கும் என்று கணக்குப் போட்டேன். டேட்டாபேஸ் என்றால் வீங்கிவிடும் என்று பயம் இருந்தது. நேரம், சென்சார் இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக்கி, தனி வரிசை எண் இல்லாத அட்டவணையாக வைத்தால், ஒரு அளவீட்டுக்கு நொடிக் கணக்கிலான நேரம் 4 பைட், சென்சார் 1, தசம எண் 8, மேல்செலவு 7, ஆக 20. தசம எண்ணுக்கு 8 பைட்தான், 4 பைட் வகை எஸ்கியூலைட்டில் கிடையாது. பிறகு ஒரு விஷயம் உறைத்தது. என் சென்சார் தருவது ஒரு டிகிரியில் பதினாறில் ஒரு பங்குப் படிகள். 23.4375 என்பது உண்மையில் 375 படி. அந்த 375ஐ முழு எண்ணாக அப்படியே வைத்தால் எஸ்கியூலைட் அதற்கு 2 பைட்தான் எடுக்கும், முழு எண்களை அளவுக்கேற்றபடி சுருக்கித்தான் வைக்கிறது. இருபது பதினாலானது. என் கையால் செய்த பைனரியின் அதே பதினாலு. நேர்மையாகச் சொன்னால், பைனரியிலும் இந்தத் தந்திரத்தைச் செய்திருந்தால் 12 ஆகியிருக்கும். இரண்டு பைட்டுக்காக அந்தத் திங்கட்கிழமையை மறுபடி வாழ எனக்கு விருப்பமில்லை.

எழுதும் வேகத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். பழைய சிஎஸ்வியை உள்ளே ஏற்ற, ஒவ்வொரு வரிக்கும் ஒரு இன்சர்ட் (சேர்க்கும் கட்டளை) என்று போட்டுவிட்டேன். பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டும் பிகின் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு இன்சர்ட்டும் தனிப் பரிவர்த்தனை, ஒவ்வொன்றுக்கும் வட்டில் எழுதி முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ளும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வன்தட்டில் நொடிக்குச் சுமார் 60தான் முடியும் என்று அவர்களே ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் கோப்பை ஏற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு. மதியம் வரை காத்திருந்துவிட்டு நிறுத்தினேன். முன்னால் ஒரு பிகின், பின்னால் மொத்தத்தையும் உறுதி செய்யும் ஒரு கமிட் சேர்த்த பிறகு அதே கோப்பு ஒரு நிமிடத்துக்குள் ஏறியது. மெதுவாக இருக்கிறது என்று எஸ்கியூலைட்டைக் கைவிட்டவர்கள் பலர் இந்த இரண்டு சொல்லைப் போடாதவர்கள்.

மின்சாரச் சோதனையைக் கையாலேயே செய்தேன். நொடிக்கு ஒரு கமிட் என்று வைத்து ஓடவிட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை மின்கம்பியைப் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் கோப்பு திறந்தது, கமிட் ஆன கடைசி நொடி வரை எல்லா 16 அளவீடும் இருந்தன, பாதி நொடி என்று ஒன்று எங்கும் இல்லை. மாற்றப்போகும் பக்கத்தின் பழைய நகலை முதலில் பக்கத்துக் கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் அது கை வைக்கிறது, பாதியில் நின்றால் அடுத்த தடவை திறக்கும்போது பழையதைத் திரும்ப வைத்துவிடுகிறது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க எழுதிய மீட்பு நிரலின் வேலையை, அதைவிடச் சரியாக, கோப்பைத் திறக்கும் அந்தக் கணத்திலேயே செய்துவிடுகிறது. நூலகத்தின் நிரலைப்போல 590 மடங்கு சோதனை நிரல் வைத்திருப்பதாக அவர்கள் சொல்வதைப் படித்தபோது எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

குறைகள் உண்டு, அவற்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வரைபடம் பார்க்கும்போது எழுதுவது தடைபடக் கூடாது என்று வால் (‘ரைட் அஹெட் லாக்’ என்பதன் சுருக்கம்) என்ற முறையை இயக்கினேன். அந்த முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள வால் கோப்புக்குப் போகும், அது 1000 பக்கம் ஆனதும் முதன்மைக் கோப்புக்கு மாறும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவியாளர் முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்து அனுப்பினார். கடைசிச் சில நிமிடங்கள் அதில் இல்லை. அவர் மேல் தப்பு இல்லை. ஒரே கோப்பு என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம், ஓடும்போது அது உண்மையில் மூன்று கோப்பு. ஓடும் கோப்பை அப்படி நகலெடுத்தால் சில நிமிடம் இழப்பதோடு போகாது, நகலே கெட்டுப்போகவும் வழி உண்டு. இப்போது மென்பொருளிலேயே ‘நகல் எடு’ என்று ஒரு பொத்தான், பின்னால் முழு நகல் எழுதித் தரும் வேக்யூம் இன்டு என்ற எஸ்கியூலைட் கட்டளை ஓடுகிறது, 2019இல் வந்த வசதி. வலையமைப்பு வட்டில் வைத்துப் பல கணினிகளிலிருந்து எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். வால் முறை அங்கே வேலை செய்யாது, மற்ற முறையிலும் பூட்டை நம்ப முடியாது.

தகவல் வகையில் அது காட்டும் தாராளமும் எனக்குப் பிடிக்கவில்லை. முழு எண் என்று அறிவித்த பத்தியில் ‘ஏழு’ என்று எழுத்தில் போட்டாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டது. டெக்ஸ்ட் கோப்பின் எந்த வியாதிக்குப் பயந்து ஓடிவந்தேனோ அதே வியாதி. 2021இல் ஸ்ட்ரிக்ட் அட்டவணை என்று ஒன்று வந்த பிறகுதான் இது தீர்ந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களுக்குச் சரிபார்ப்புத் தொகையும் இயல்பாகக் கிடையாது, வட்டில் ஒரு பிட் மாறினால் சத்தமில்லாமல் போகலாம். அதற்காக ஒவ்வொரு மாத நகலுக்கும் நானே ஒரு தொகை கணக்கிட்டு வைக்கிறேன்.

அமைப்புகளை இதற்குள் வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்தேன். சென்சார் திருத்த எண்கள், எச்சரிக்கை எல்லைகள் எல்லாம் ஒரு அட்டவணையில். இரண்டு மாதம் கழித்து ஐந்தாம் சென்சாரின் திருத்தம் எப்போது, யாரால் மாறியது என்று கேள்வி வந்தது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பார்த்தால் ‘பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன’ என்ற ஒரே வரி. கிட்டுக்குச் சொல்லிக்கொடுத்து டம்ப் வழியாக, அதாவது எல்லாவற்றையும் டெக்ஸ்டாகக் கொட்டி, வேறுபாட்டைக் காட்டவைக்கலாம், அதையும் செய்தேன். ஆனால் நாற்பது வரி அமைப்புக்கு அந்தச் சுற்று எதற்கு? டெக்ஸ்டுக்கே திரும்பிவிட்டேன். இப்போது ஒரு வரி மாறினால் ஒரு வரி மாறியதாகத் தெரிகிறது, பக்கத்தில் ஏன் மாற்றினோம் என்று குறிப்பும் எழுத முடிகிறது. பிழைப் பதிவும் டெக்ஸ்டில்தான். மென்பொருளே சரிந்து கிடக்கும் நேரத்தில் படிக்க வேண்டியது அது, அதைப் படிக்க இன்னொரு மென்பொருள் தேவைப்படக் கூடாது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் வந்து கேட்டான்: “அக்கா, நான் பண்றதுக்கு ஜேசன் டெக்ஸ்ட் கோப்பே போதுமா, இல்ல எஸ்கியூலைட்டுக்குப் போகணுமா?”

“கோப்பு எவ்வளவு பெருசாகும்?”

“அதிகபட்சம் ஐம்பது, அறுபது கேபி.”

“எழுதுறது எப்படி? முழுசா எழுதுவியா, நடுவுல ஒண்ணை மட்டும் மாத்துவியா?”

“சேமின்னு அழுத்தினா முழுசா எழுதும்.”

“அப்ப ஜேசனே போதும்டா. வேற பேர்ல எழுதி, எழுதி முடிஞ்சப்புறம் பேரை மாத்து. யூடிஎஃப்-8னு வெளிப்படையாச் சொல்லித் திற.”

அவன் நான் எஸ்கியூலைட்டைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தான் போல. ஆனால் என் கேள்விகள் எப்போதும் இவைதான்: எவ்வளவு பெரிது, நடுவில் கை வைக்க வேண்டுமா, எழுதும்போது கணினி நின்றால் எதை இழக்கச் சம்மதம், வேறு யார் இதைத் திறப்பார்கள். பத்து மெகாபைட்டுக்கு மேல், நடுவில் தேட வேண்டும், ஒரு நொடியும் போகக் கூடாது என்றால் எஸ்கியூலைட். மனிதர் திறந்து திருத்த வேண்டும் என்றால் டெக்ஸ்ட். படம், ஒலி என்றால் ஏற்கெனவே இருக்கிற பைனரி வடிவங்கள். சொந்தமாக பைனரி வடிவம் உருவாக்க, சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் நூலகமே ஏறாது என்ற நிலை வந்தால் மட்டும் யோசிப்பேன். அப்போதும் பிஎன்ஜியின் எட்டு பைட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

நீண்ட காலச் சேமிப்பு என்று பார்த்தாலும் எனக்குப் பயமில்லை. தகவல் தொகுப்புகளைப் பாதுகாக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பரிந்துரைக்கும் வடிவங்களில் எஸ்கியூலைட் இருக்கிறது, சிஎஸ்வி, ஜேசன், எக்ஸ்எம்எல் ஆகியவற்றோடு. 2050 வரை ஆதரிப்போம் என்று உருவாக்கியவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். என் ஆய்வுக்கூடங்கள் பதிவுகளைப் பத்து வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரையைக் குறைத்தது வால் கோப்புக்கும், ஸ்ட்ரிக்ட் வர 2021 வரை காக்க வைத்ததற்கும்.

பழைய பைனரி கோப்புகளை அழிக்கவில்லை. எல்லாவற்றையும் எஸ்கியூலைட்டுக்கு மாற்றிவிட்டேன், ஆனாலும் மூலம் மூலம்தான் என்று ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறேன். அவற்றோடு ‘முதலில்_படிக்கவும்’ என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு. அதில் எழுதியிருப்பது: “மார்ச் மாதக் கோப்புகள்: ஒரு அளவீட்டுக்கு 16 பைட். சென்சார் எண் 2, வெற்று 2, நேரம் 8, அளவீடு 4. சிறிய பைட் முன்னால். ஏப்ரலில் இருந்து 14 பைட், வெற்று இல்லை. ஏப்ரல் 26 இரவுக்குப் பிறகு 9 பைட் தள்ளிப் படிக்கவும்.”